பயிற்சி போதும், பதவி கொடுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குக் கருத்தாளர்களில் ஒருத்தியாகப் போயிருந்தேன். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். சமவெளி வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏற்காட்டு மலையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தவர்களுக்குக் கடைசி வரிசைதான் மிச்சம். அவர்களில் இரண்டு பேர் வழியில் வாந்தி எடுத்த களைப்போடு இருந்தார்கள்.

முதல் அமர்வை எடுத்தவர் ஒரு ஆண். நன்றாகப் பேசக்கூடியவர், யாரையும் மரியாதைக் குறைவாக நடத்தாதவர். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, “தலைவர் என்றதும் உங்கள் மனதில் யார் தோன்றுகிறார்கள்?” என்று கேட்டார். காமராசர், கலாம், கலெக்டர் என்று எழுதினார்கள். ஒரு பெண் “எங்க வீட்டுக்காரர்” என்றதும் அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் தலைச்சோலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா எழுந்து, “கையெழுத்துப் போடுறவங்கதான் சார் தலைவர்” என்றார். அதற்கும் சிரிப்பு. பயிற்சியாளரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். ‘பதவி வேறு, தலைமை வேறு. பதவி இல்லாமலும் தலைவராகலாம்’ என்று திரையில் வந்தது.

சாயங்காலம் கருத்துப் படிவங்களை நான்தான் வாங்கி அடுக்கினேன். ‘இப்பயிற்சியில் உங்களுக்குப் பிடித்தது எது?’ என்ற கேள்விக்கு அந்த அக்கா ‘மதியச் சாப்பாடு’ என்று எழுதியிருந்தார். ஏன்க்கா என்று கேட்டேன். “நான் ஆக்காத சோறு மேடம்” என்றார்.

பதவி இல்லாமலும் தலைவராகலாம் என்ற அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. பெண்களுக்கு நடத்தப்படுகிற பயிற்சி வகுப்புகளில்தான் இதை அதிகம் கேட்டிருக்கிறேன். மாவட்ட ஆட்சியர்களுக்கான பயிற்சியில், ஐயா, உங்களுக்குப் பதவி எதற்கு, தலைமைப் பண்பு போதுமே என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

அந்த அக்கா வேலை பார்க்கும் இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றுலா வருபவர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரி, லேடீஸ் சீட், மே மாதத்துக் கோடை விழா. ஏரியைத் தாண்டிக் காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே போகும் சாலைகளில்தான் தலைச்சோலை, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் போன்ற ஊராட்சிகளின் குக்கிராமங்கள் சிதறிக்கிடக்கின்றன. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று தங்கள் பெயருக்குப் பொருள் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் மக்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே தொகுதிகள். ஏற்காடு அதில் ஒன்று, இன்னொன்று சேந்தமங்கலம்.

இதே மலையில்தான் 1894இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும் 1917இல் தொடங்கிய மாண்ட்போர்ட் பள்ளியும் இருக்கின்றன. மாண்ட்போர்ட்டில் படித்தவர்கள் ஒன்றிய அமைச்சர்களாகவே ஆகியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட உறைவிடப் பள்ளிகளில் 13, 14 வயதுப் பிள்ளைக்கு அணித்தலைவர் பொறுப்பு கொடுத்து, சட்டையில் பேட்ஜும் குத்திவிடுவார்கள். ஒரு விடுதியை, ஒரு விளையாட்டு அணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அதிகாரத்தைக் கையில் கொடுத்து, தவறு செய்யவிட்டு, அதிலிருந்து கற்கவிடுவார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தலைவர்களாக்கும் முறை உலகம் முழுக்க இதுதான். நாற்பது வயதுப் பழங்குடிப் பெண்ணுக்கு மட்டும் அது பவர்பாயிண்டில் வருகிறது.

அவர் செய்கிற வேலையைப் பாருங்கள். காலையில் பால்வாடிக் கதவைத் திறக்கிறார் (ஊரில் இன்னும் யாரும் அங்கன்வாடி என்பதில்லை). வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வருகிறார். சோறாக்குகிறார், வாரத்துக்கு மூன்று நாள் முட்டை அவிக்கிறார், பாட்டுச் சொல்லித் தருகிறார், எடை போடுகிறார், உயரம் அளக்கிறார். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். 2021இலிருந்து போஷன் டிராக்கர் என்ற செயலியிலும் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். மலையில் எந்தப் பாறைமேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்பதும் இந்த வேலைக்கு வேண்டிய அறிவில் சேர்த்தி.

இதில் எதைச் செய்தாலும் முடிவெடுக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. தாயிடம் பேசினால் போதுமா, மாமியாரிடம் பேச வேண்டுமா? தோட்ட வேலைக்குப் போகும் தாய் காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டால் குழந்தைக்கு யார் ஊட்டுகிறார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னால் போவார்களா, கூடப் போக வேண்டுமா? குடிக்கிற அப்பனிடம் எந்த நேரத்தில் பேசினால் காதில் ஏறும்? இப்படி ஓர் ஊரின் குழந்தைகள் அத்தனை பேரையும் பெயரோடும் எடையோடும் தெரிந்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு அதிகாரமும் இல்லாமல், பேச்சால் மட்டுமே மனிதர்களை அசைக்கிற பெண்ணுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கிறோம் என்று நாங்கள் போனோம். எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவருக்கு இல்லாதது வேறு. தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளரின் ஊதிய விகிதம் 7,700 ரூபாயில் தொடங்குகிறது. உதவியாளருக்கு 4,100. அரசுத் தொடக்கப் பள்ளியின் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 20,600. நான்கே முக்கால் வயதுப் பிள்ளைக்கு ‘அணில், ஆடு’ சொல்லிக்கொடுத்தால் ஒரு சம்பளம், அதே பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அதே பாட்டைச் சொல்லிக்கொடுப்பவருக்கு அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆசிரியருக்கு அதிகம் தருகிறார்கள் என்பது என் புகார் இல்லை, அவர்களும் போராடி வாங்கியதுதான். பிள்ளை சிறுசாக இருந்தால் அதை வளர்ப்பவளின் கூலியும் சிறுசாகிவிடுகிற கணக்கைத்தான் கேட்கிறேன்.

மலையில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். மலைப்பகுதிகளில் 150 முதல் 300 பேர் வரை வாழும் குக்கிராமத்துக்குக் குறு அங்கன்வாடி என்று ஒன்றை வகுத்தார்கள். அதற்கென்று உதவியாளர் கிடையாது. ஒரே பெண் சமைக்கவும் வேண்டும், கற்பிக்கவும் வேண்டும், பாத்திரமும் கழுவ வேண்டும். இரட்டை வேலைக்கு ஊதியம் கூடியிருக்கும் என்று நினைத்தால், 5,700! ஊர் சின்னது, ஆகவே பெண்ணும் சின்னவள். சிதறிய குடியிருப்புகள் மலையின் இயல்பு, அதற்கான அபராதத்தைக் கட்டுகிறவர் அங்கே வேலை பார்க்கிற பெண்.

இந்த ஊதியத்துக்குப் பின்னால் ஒரு சொல் இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே, இந்தப் பெண்கள் ஊழியர்கள் ஆகமாட்டார்கள், உள்ளூரிலிருந்து சேவை செய்ய வரும் மதிப்பூதியக்காரர்கள் என்று எழுதிவைத்துவிட்டார்கள். ஒன்றிய அரசு தரும் தொகைக்கு இன்றும் பெயர் மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அதை 3,000இலிருந்து 4,500 ஆக்கியதே பெரிய அறிவிப்பாக வந்தது. மாநிலங்கள் மேலே கொஞ்சம் போட்டுத் தருகின்றன, தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒரு படி மேலே போயிருக்கிறது. அடிச்சொல் மாறவில்லை. 2006இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கு ஒன்றில் இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்றது. 2022 ஏப்ரலில் குஜராத்தைச் சேர்ந்த பெண்கள் தொடுத்த வழக்கில்தான் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்ற தீர்ப்பு வந்தது. பணிக்கொடைச் சட்டம் வந்தது 1972இல். இடைப்பட்ட 50 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

சேவை என்ற சொல்லை நம் வீட்டிலேயே நமக்குத் தெரியும். ஆக்கிப் போடுவது சேவை, பிள்ளை வளர்ப்பது சேவை, முதியவரைக் குளிப்பாட்டுவது சேவை. சம்பளம் கேட்டால் அன்பு இல்லாதவள். அரசாங்கமும் அதே குடும்பத்தின் பெரிய மனிதராகத்தான் நடந்துகொள்கிறது.

இனி பயிற்சிக்கு வருகிறேன். 2012இல் ஒன்றிய அரசு புதுதில்லியின் கல்வித் திட்டமிடல் பல்கலைக்கழகத்தில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் தொடங்கியது. அதிலிருந்து தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிகளின் மொழி மாறியிருக்கிறது. தொலைநோக்கு, குழுவைக் கட்டுதல், புதுமைகளை முன்னெடுத்தல், பள்ளியை மாற்றியமைத்தல். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு 2023 மே மாதம் ‘போஷன் பி, படாயி பி’ என்ற பெயரில் முன்பருவக் கல்விக்கான திட்டம் வந்தது. பிறப்பு முதல் ஆறு வயது வரை மூளை வளரும் காலம், அதைப் பேணப்போகிறவர்கள் நீங்கள்தான் என்று புகழ்ந்துவிட்டுப் பயிற்சிக்கு ஒதுக்கியது மூன்று நாள். அவர்களுக்குப் பயிற்சி தரும் முதன்மைப் பயிற்றுநர்களுக்கு இரண்டு நாள். அந்தப் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் மேற்பார்வையாளர், திட்ட அலுவலர் நிலையில் இருப்பவர்கள். அதாவது, தினமும் அறிக்கை கேட்டுத் திட்டுகிற அதே மேடம் அன்றைக்கு மட்டும் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்பார்.

தலைமையாசிரியருக்குச் சொல்லப்படுகிற தொலைநோக்கு அங்கன்வாடியை எட்டும்போது பதிவேடாகிவிடுகிறது. செயலியில் எதை எங்கே அழுத்துவது, படத்தை எந்தக் கோணத்தில் எடுத்து ஏற்றுவது, எந்தத் தேதிக்குள். எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சியில் கால்வாசி நேரம் செல்பேசியில் பழைய பதிப்பை நீக்கிப் புதிய பதிப்பை இறக்குவதில் போனது. 500 ரூபாய் செலவு செய்ய அவருக்கு அதிகாரம் உண்டா, கூரை ஒழுகினால் யாரிடம் எழுத்தில் கேட்கலாம், பதில் வராவிட்டால் என்ன செய்யலாம், வேறு துறை தன் கணக்கெடுப்பு வேலையைத் தலையில் கட்டினால் மறுக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

இந்த வேலையைச் சமூகம் எந்தப் படியில் வைத்திருக்கிறது என்பது 2019இல் பச்சையாகத் தெரிந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. நல்ல திட்டம். அதற்கு உபரி இடைநிலை ஆசிரியர்களை அனுப்ப ஆணையிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கன்வாடிக்குப் போவது பதவி இறக்கம், எங்களுக்கு அதற்கான பயிற்சியும் இல்லை என்று ஆசிரியர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள்.

அப்போது என் தோழிகள் பலர் அந்த ஆசிரியைகளைத் திட்டினார்கள். ஆயா வேலையா பார்ப்பது என்ற மேட்டிமை அதில் இருந்தது உண்மைதான், சாதி நெடியும் இருந்தது. ஆனாலும் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அது பதவி இறக்கம்தான். அரசே அந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, அங்கே போகிறவர்கள் மட்டும் அதைக் கீழ் என்று நினைக்கக் கூடாது என்றால் எப்படி? அந்த வளாகங்களில் ஏற்கெனவே பல ஆண்டுகளாக அதே வயதுப் பிள்ளைகளோடு இருந்த பணியாளர்களைப் படிக்க வைத்து, அவர்களையே மழலையர் ஆசிரியர் ஆக்கலாம் என்று அன்றைக்கு அரசு தரப்பில் யாரும் பேசவில்லை. 2022இல் இந்த வகுப்புகள் கைவிடப்படுகின்றன என்ற செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, மறுபடி தொடர்ந்தபோது புதிதாக எடுக்கப்பட்ட ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். வேலைக்கு விலை மேலே ஏறுவதற்குப் பதில், ஆசிரியர் என்ற பெயர் கீழே இறங்கி வந்தது.

பள்ளிக்கூடத்தின் கதை இதற்குப் பக்கத்து வீடு. சேலத்திலிருந்து மலைக்கு வந்துபோகும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். நாலு மணிக்கு மேல் கிடைக்கும் பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் பிள்ளை, மாமனார், இரவுச் சமையல் எல்லாம் கேள்வியாக நிற்கும். தலைமையாசிரியர் பதவி வரும்போது, வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் இவர்களில் உண்டு. தலைமைப் பண்பு குறைந்ததால் எழுதிக்கொடுத்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வியில் அதுவரை ஒன்றிய அளவில் பார்த்த முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு என்றால் எந்த மாவட்டத்துக்கும் போக நேரலாம். பெண் ஆசிரியர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று சங்கங்கள் தெருவில் இறங்கியதன் காரணம் இதுதான். ஆணுக்குப் பதவி உயர்வு வந்தால் குடும்பம் கூடவே மூட்டை கட்டும். பெண்ணுக்கு வந்தால் குடும்பம் கூடிப் பேசும்.

அதனால் மலைப்பள்ளிகளின் தலைமை நாற்காலியில் உட்காருகிறவர்களில் பலர் மலைக்கு வெளியே வீடு உள்ளவர்கள். அவர்களில் அருமையானவர்கள் இருக்கிறார்கள், மலையிலேயே வீடெடுத்துத் தங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் ஊரில் பிறந்து ஊரிலேயே வாழ்கிற, பிள்ளைகளின் பேச்சு வழக்கு தெரிந்த பெண் அந்த நாற்காலிக்கு வர ஏணியே இல்லை. அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அங்கன்வாடிக்கு வருவார், அங்கேயே ஓய்வு பெறுவார். மேற்பார்வையாளர் பதவி வரை ஒரு குறுகலான படி விதிகளில் உண்டு. பள்ளியின் பக்கம் ஒரு படிகூட இல்லை. பள்ளியும் பால்வாடியும் ஒரே வளாகத்தில், நடுவே ஒரு மண்டைக்காய்ச் செடி அளவு தூரத்தில் இருந்தாலும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது நான் மகிழ்ந்தேன், பல பள்ளிகளில் தாய்மார்களே தலைவர்களாக வந்தார்கள். மலையில் அப்படி ஒரு தலைவியைப் பார்க்கப் போனேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பகலில் கூட்டம் வைத்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் கூட்டத்துக்கு அவர் போவதில்லை, தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும். “சார் நல்லவரு, எங்க போடணுமோ அங்க புள்ளி வெச்சுக் குடுத்துருவாரு” என்றார்.

கையெழுத்துப் போடுகிறவர்தான் தலைவர் என்று சொன்ன அக்காவிடம் பிறகு ஒருநாள் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நோட்டு யாரு வீட்ல இருக்குதோ அவங்கதான்” என்று திருத்தினார். கூட்டத்துக்கு வரும் நாளுக்குக் கூலி ஈடு கொடுங்கள், மாலையில் வையுங்கள், நோட்டைத் தலைவியின் வீட்டில் வையுங்கள். இதற்குப் பயிற்சியே வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

அதிகாரம் தராமல் பெண்களைத் தலைவிகளாக்குவதால் வரும் ஆபத்து கூலியோடு முடிவதில்லை. குழந்தைத் திருமணம் நடந்தால் தகவல் சொல்ல வேண்டியவர் என்று அங்கன்வாடிப் பணியாளரைத்தான் எல்லாக் கூட்டத்திலும் கைகாட்டுகிறார்கள். சொன்னால் அதிகாரிகள் ஜீப்பில் வந்து நிறுத்திவிட்டு ஜீப்பிலேயே போய்விடுவார்கள். அவர் அதே ஊரில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதே ஊர்க்கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ராஜஸ்தானின் பன்வாரி தேவியை நாம் மறக்கக் கூடாது. 1984இல் அந்த மாநில அரசு தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர் ‘சாத்தின்’, அதாவது தோழி. அந்தத் திட்டத்தின் பயிற்சிகளை வடிவமைத்ததில் பெண்ணிய இயக்கத்தினர் பங்கெடுத்தார்கள். மூன்று நாள் செயலிப் பயிற்சியோடு ஒப்பிடவே முடியாத, பெண்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே பேசிப் புரிந்துகொண்ட பயிற்சிகள். சிறந்த தலைமைப் பயிற்சி என்று யாரும் காட்டக்கூடிய உதாரணம். அந்தப் பயிற்சி சொன்னபடியே 1992இல் பட்டேரி கிராமத்தில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையின் திருமணத்தை எதிர்த்தார். அதற்குப் பழிவாங்க செப்டம்பரில் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்யப் போய்த்தானே அவருக்கு இது நேர்ந்தது, வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்ன என்று கேட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. அதில் பிறந்ததுதான் 1997இன் விசாகா தீர்ப்பு. நகரத்து அலுவலகங்களில் வேலை பார்க்கும் நமக்கெல்லாம் பாதுகாப்புச் சட்டம் வாங்கித் தந்தவர், மதிப்பூதியம் வாங்கிய ஒரு கிராமத்துப் பணியாளர். அவருக்கு நீதி கிடைக்கவில்லை.

அவரிடம் துணிச்சல் இருந்தது, பயிற்சியும் இருந்தது. அரசு பின்னால் நிற்கவில்லை. பின்னால் நிற்கும் எண்ணம் இல்லாத அரசு முன்னால் போ என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு நான் வைக்கும் பெயர் வேறு, அதை அச்சில் எழுத முடியாது.

பயிற்சியே வேண்டாம் என்கிறாயா என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்டிருக்கிறார்கள். வேண்டும். எந்த மாதிரி என்பதற்கு நம் பாட்டிமார்களிடமே பதில் இருக்கிறது. அங்கன்வாடி என்ற பெயரின் மூலத்தைத் தேடினால் தாராபாய் மோதக்கிடம் போய் நிற்போம். மகாராஷ்டிரத்தின் போர்டியில் 1945இலும் பிறகு 1957இலிருந்து கோஸ்பாட் குன்றிலும் அவரும் அனுதாய் வாகும் வார்லி பழங்குடிக் குழந்தைகளோடு வேலை செய்தார்கள். அனுதாய் 13 வயதில் மணமுடிக்கப்பட்டு ஆறே மாதத்தில் கணவனை இழந்தவர். குழந்தைகள் பள்ளியைத் தேடி வராதபோது அவர்கள் பள்ளியைக் குழந்தைகளின் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கன் என்றால் முற்றம். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தினார்கள். விலையுயர்ந்த மாண்டிசோரி சாமான்களுக்குப் பதில் விதை, இலை, கூழாங்கல் வந்தன. இதையெல்லாம் முடிவு செய்ய அவர்கள் மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்கவில்லை. அரசு பெயரை எடுத்துக்கொண்டது, முடிவெடுக்கும் உரிமையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

நம் ஊரில் சகோதரி சுப்பலட்சுமி. 1911இல் பட்டம் பெற்ற அந்த இளம் விதவை, அடுத்த ஆண்டிலிருந்து சென்னையில் குழந்தை விதவைகளைக் கூட்டிவந்து தங்கவைத்து ஆசிரியைகள் ஆக்கினார். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வர். அவர் தொடங்கிய இல்லம் பிராமண விதவைகளுக்கானது. அந்தச் சுவரை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவர் அந்தப் பெண்களுக்குக் கொடுத்ததைப் பாருங்கள். தங்க இடம், சாப்பாடு, ஆண்டுக்கணக்கில் படிப்பு, சான்றிதழ், அதன் முடிவில் சம்பளமுள்ள வேலை. மொட்டையடிக்கப்பட்ட பெண்ணிடம் போய் உனக்குள் ஒரு தலைவி இருக்கிறாள் என்று பேசிவிட்டு மாலையில் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்?

நூறாண்டுக்கு முன் ஒரு சாதியின் பெண்களுக்கு வாய்த்தது இன்று சேர்வராயன் மலைப் பெண்களுக்கு ஏன் வாய்க்கக் கூடாது? ஐந்தாண்டு பணி முடித்த பணியாளருக்குச் சம்பளத்தோடு இரண்டாண்டு விடுப்பு கொடுத்து ஆசிரியர் பட்டயம் படிக்க வையுங்கள். அவர் இல்லாத காலத்துக்கு மாற்று ஆள் போடுங்கள், உதவியாளரின் முதுகில் ஏற்ற வேண்டாம். பட்டயம் முடித்தால் மழலையர் வகுப்பு ஆசிரியர், பிறகு தொடக்கப் பள்ளி, தகுதித் தேர்வு எழுதினால் தலைமையாசிரியர் வரை போகும் வழியை அரசாணையாக எழுதுங்கள். பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் அந்த மலையின் பெண்களுக்கு முன்னுரிமை வையுங்கள். குறு அங்கன்வாடி என்ற ஊதியப் பிரிவை ஒழியுங்கள், 5,700ஐ வைத்துக்கொண்டு பெண்கள் முன்னேற்றம் பேசுவது அசிங்கம். பயிற்சியை மலைக்குக் கொண்டுவாருங்கள். பயிற்சி தருபவர்களில் பாதிப்பேர் இருபது ஆண்டு பால்வாடி நடத்திய பெண்களாக இருக்கட்டும், அவர்களுக்கும் எனக்குத் தந்த அதே கருத்தாளர் படியைக் கொடுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். வேலையைச் சேவை என்று பெயர் மாற்றி இத்தனை ஆண்டு மிச்சம் பிடித்தது எங்கே போனதோ அங்கே இருந்து எடுக்கலாம்.

அந்த அக்காவை இந்தப் பொங்கலுக்கு முன் தலைச்சோலைச் சாலையில் பார்த்தேன். முட்டை அட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார், ஆட்டோக்காரர் அதற்குமேல் வர மறுத்துவிட்டாராம். சேலத்துப் பயிற்சிக்கு வந்துபோனதற்கான பயணப்படி கிடைத்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக வந்தவர் பழைய படிவத்தில் போட மாட்டேன் என்கிறார் என்றார்.